நன்னடத்தை

தமிழில் 'நடத்தை' என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல. "அவன் நடத்தை சரியில்லை" என்றால் குடிக்கிறான், வாங்கிய கடனைத் தருவதில்லை, போகிற இடத்தில் எல்லாம் சண்டை போடுகிறான் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "அவள் நடத்தை சரியில்லை" என்றால் ஒரே பொருள்தான். யாரும் விளக்கம் கேட்பதில்லை. சொல்பவர் குரலைத் தாழ்த்துவதே போதுமான விளக்கம். இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அகராதியில் இல்லாத இந்தப் பொருளை என் மாணவிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருந்ததே இல்லை. கல்லூரிக்கு வரும்முன்பே தெரிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள்.

இதே சொல் நீதிமன்றத்திலும் இருக்கிறது. நன்னடத்தைப் பிணை, நன்னடத்தை அலுவலர், நன்னடத்தையில் விடுதலை. அங்கே அதற்கு என்ன பொருள் என்று நான் யோசிக்க நேர்ந்தது எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியால்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் இப்படி ஒரு சட்டம் 1936லேயே இயற்றப்பட்டிருந்தது. ஒருவர் குற்றம் செய்தது உறுதியான பிறகும், அது மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், அவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. பிணைமுறியின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. தேவை என்று நினைத்தால் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்கும்படியும் உத்தரவிடலாம். அந்தக் கண்காணிப்பு ஓர் ஆண்டுக்குக் குறையக்கூடாது. எங்கே குடியிருக்க வேண்டும், குடிக்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளைச் சேர்க்கலாம். நல்ல சட்டம்தான். முதல் தடவை தவறியவரைச் சிறைக்குள் தள்ளினால் அவர் அங்கே கற்றுக்கொண்டு வருவது வேறு பாடம் என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய சட்டம்.

அதில் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது. விடுவிக்கப்படுபவருக்கோ, அவருக்குப் பிணை நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ இருக்கிறது என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். ஆண் பெண் என்ற வேறுபாடு இந்த வாசகத்தில் இல்லை. ஆனால் எந்தப் பெண்ணுக்கு நிலையான இருப்பிடம் அவள் பெயரில் இருக்கிறது?

திருவெள்ளறை நான் பிறந்த ஊர். திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலால் ஊருக்குப் பெயர். இங்கே தாயாருக்குத்தான் முதல் மரியாதை. புறப்பாட்டில் தாயார் முன்னே போக, பெருமாள் பின்னால் வருவார். சின்ன வயதில் இதை எங்கள் ஊர்ப் பெண்கள் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொன்ன பெண்களில் எவர் பெயரிலும் வீட்டுப் பத்திரம் கிடையாது.

நான் சொல்ல வந்த பெண் எங்கள் அம்மாவுக்குக் கீரை கொண்டுவந்து கொடுப்பாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் வேலையும் பார்த்தாள். அந்த வீட்டில் ஒரு ஜோடித் தோட்டை எடுத்து அடகு வைத்தது உண்மை. அவளே மறுக்கவில்லை. எதற்காக என்று நான் கேட்கவில்லை. இங்கேயும் அது தேவையில்லை. தோடு மீட்கப்பட்டது, வழக்கு நடந்தது, குற்றம் உறுதியானது. முதல் குற்றம் என்பதால் இரண்டு வருடப் பிணைமுறியில் விட்டார்கள். முதல் வருடம் கண்காணிப்பு. பிணை நின்றவர் அவள் கணவர். நிலையான இருப்பிடம், திருவெள்ளறையில் அவருடைய வீடு. அனுமதி இல்லாமல் இருப்பிடத்தை மாற்றக்கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று.

ஏழாவது மாதம் அவள் அந்த வீட்டை விட்டு வெளியேறினாள். சமயபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். இடது காது கேட்கவில்லை என்று அரசு மருத்துவமனைக்குப் போனபோது "விழுந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அது போதும். அடி புதிதல்ல. ஆனால் வழக்குக்குப் பிறகு கணவர் கையில் ஒரு புதிய ஆயுதம் கிடைத்திருந்தது. "நான் பிணையை வாபஸ் வாங்குனா நீ உள்ளதான்" என்று சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறார். அரசாங்கம் கண்காணிக்கச் சொன்னது நன்னடத்தை அலுவலரைத்தான். ஆனால் அலுவலர் மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார். பிணைதாரர் தினமும் பார்த்தார்.

நீதிமன்றத்திலிருந்து சம்மன் கணவர் வீட்டுக்குத்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். "தமிழ்லதான் இருக்கு, ஒண்ணும் புரியல டீச்சரம்மா" என்று அதை என்னிடம் கொண்டுவந்தாள். தமிழில்தான் இருந்தது. இருபது வருடம் தமிழ் படித்த எனக்கு மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. அவள் நிபந்தனையை மீறியதாக அறிக்கை வந்திருப்பதால், அவளுக்கு ஏன் அசல் குற்றத்துக்கான தண்டனையை விதிக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அடி வாங்கிக்கிட்டு அங்கேயே இருந்திருந்தா அதுக்குப் பேரு நன்னடத்தையா டீச்சரம்மா?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் தேடிப்போனேன். இந்த மாதிரி நேரத்தில் நீதிமன்றம் என்ன செய்யலாம் என்பதை 9ஆம் பிரிவு சொல்கிறது. பிணைமுறியின் நிபந்தனை மீறப்பட்டது என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தால் அதன் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அசல் குற்றத்துக்கு உடனே தண்டனை விதிக்கலாம். அல்லது, மீறல் முதல் தடவை என்றால், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல் அபராதம் போட்டுவிட்டுப் பிணைமுறி தொடரட்டும் என்று விடலாம். ஐம்பது ரூபாய் என்பது 1958இல் எழுதிய தொகை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. தண்டனைச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம் அவளுடையது. குடியிருக்கும் வீட்டுக்குள் திருடியது என்ற வகை. ஒரு பக்கம் ஐம்பது ரூபாய், இன்னொரு பக்கம் சிறை. நடுவில் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் போவது என்பது ஒரு மனிதரின் ஒரு காலைநேரத்து மனநிலையையும், அவர் 'நடத்தை' என்ற சொல்லை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது.

இன்னொன்றும் அதில் சிக்கியிருந்தது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்குக் குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்கிறது 12ஆம் பிரிவு. ஆனால் பிணைமுறி மீறப்பட்டு, அசல் குற்றத்துக்கே தண்டனை விதிக்கப்பட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதாவது அக்கா வீட்டுக்குப் போன ஒரு பஸ் பயணத்தால் அவள் வாழ்நாளுக்கும் தண்டனை பெற்றவளாகிவிடலாம்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு என்பதை இதைப் படிக்கும் மாணவிகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது. வந்த வழக்கறிஞர் இளம்பெண். அவர் அழவும் இல்லை, ஆவேசப்படவும் இல்லை. மருத்துவமனைச் சீட்டை வைத்தார். அக்கா வீட்டு முகவரியை வைத்தார். நன்னடத்தை அலுவலர் கேட்டால் பிணைமுறியின் நிபந்தனைகளை நீதிமன்றம் மாற்றலாம் என்று 8ஆம் பிரிவு சொல்கிறதே, இருப்பிடத்தை மாற்ற அலுவலரே விண்ணப்பிக்கலாமே என்று கேட்டார். அலுவலர் நல்லவர், விண்ணப்பித்தார். ஐம்பது ரூபாய் அபராதத்தோடு முடிந்தது. பிணைதாரராக அக்கா கையெழுத்துப் போட்டார். இருப்பிடம் சமயபுரம்.

இது ஒரு வெற்றிக்கதை இல்லை. இத்தனையும் சரியாக அமைந்ததால் தப்பித்தாள். ஆனால் அந்தப் பிரிவுகளில் நான் கண்ட ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நிபந்தனை மீறப்பட்ட பிறகும் நீதிமன்றத்தின் கைக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பிணைமுறியின் காலத்தைக் கூட்டினாலும் முதல் உத்தரவு நாளிலிருந்து மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது. சிறைத்தண்டனை விதித்துவிட்டால் அந்தப் பிணைமுறியின் கதை முடிந்தது. சிறையிலிருந்து வந்தபின் இன்னொரு முறை கண்காணிப்பில் இரு என்று சொல்ல 9ஆம் பிரிவில் இடமில்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்க நடுவண் நீதிமன்றங்களில் பரோலை 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்து, சிறை முடிந்து வருபவரைக் கண்காணிப்பில் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. கண்காணிப்பு நிபந்தனையை மீறினால் அதை ரத்து செய்து திரும்பச் சிறைக்கு அனுப்பலாம். அந்தச் சிறையும் முடிந்த பிறகு மறுபடி கண்காணிப்பில் வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? சட்டத்தில் தெளிவாக எழுதவில்லை. நீதிமன்றங்கள் ஆளுக்கொன்று சொல்ல, 1994இல் அந்நாட்டு நாடாளுமன்றம் 'உண்டு' என்று எழுதிச் சேர்த்தது. அதற்கு முன்பே குற்றம் செய்தவர்களின் கதி? ஜான்சன் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிபந்தனையை மீறியதற்காக அவருக்குப் 18 மாதச் சிறையும், அதன்பின் 12 மாதக் கண்காணிப்பும் விதித்திருந்தார்கள். பழைய சட்டத்தின்படியே அந்த அதிகாரம் உண்டு என்று 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் என்னைப் போன்ற ஒரு மொழி ஆசிரியைக்கு வியப்பான இடம் ஒன்று உண்டு. நீதிபதி சூட்டர் அகராதியைப் புரட்டுகிறார். ஆங்கிலத்தின் 'ரிவோக்' என்ற சொல்லுக்கு நீக்கிவிடுதல் என்பது வழக்கமான பொருள். திரும்ப அழைத்தல் என்ற பழைய பொருளும் அதற்கு உண்டு. நீக்கினால் கண்காணிப்பு முடிந்துபோகும். திரும்ப அழைத்தால் அது முடியவில்லை, உயிரோடு இருக்கிறது, சிறைக்குப் பிறகு மறுபடி தொடரலாம். அருகில் உள்ள வாசகத்தில் 'முடித்தல்' என்ற சொல்லைத் தனியாகப் பயன்படுத்தியிருப்பதால், 'ரிவோக்' என்பதற்கு இந்த இரண்டாம் பொருளும் பொருந்தும் என்றார். சொல்லின் சாதாரணப் பொருளை விட்டுவிட்டு அபூர்வப் பொருளைப் பிடிப்பதா என்று நீதிபதி ஸ்காலியா மறுத்து எழுதினார். பெரும்பான்மை சூட்டர் பக்கம். ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவே மனிதர்களின் வருடங்கள் கிடந்தன.

நம் 'ரத்து' எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அரபியின் 'ரத்' வழியாக வந்த சொல். திருப்புதல், திருப்பி அனுப்புதல் என்பது அதன் வேர்ப்பொருள். எனக்கு உடனே அவள் நினைவுதான் வந்தது. ஒரு பெண்ணின் விடுதலையை ரத்து செய்தால் அவளைத் திருப்பி அனுப்ப இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று சிறை. இன்னொன்று அவள் தப்பி வந்த வீடு. இரண்டாவது இடத்துக்கு அனுப்ப எந்தச் சட்டமும் தேவைப்படுவதில்லை. அங்கே கண்காணிப்புக்கு மூன்று ஆண்டு என்ற வரம்பும் இல்லை.

நம் நாட்டில் வரம்பு எழுதியிருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியவில்லை. எழுதாத வழிகள் இருக்கின்றன. குற்றமே உறுதியாகாமல், 'இனிமேல் ஒழுங்காக இருப்பேன்' என்று நிர்வாகத்துறை நடுவர் முன்னால் எழுதி வாங்கும் இன்னொரு வகை நன்னடத்தைப் பிணை உண்டு. காவல்துறை பட்டியலில் பெயர் உள்ளவர்களை இதற்காக அழைப்பார்கள். தமிழ்நாட்டில் இந்த நடுவர் அதிகாரத்தை 2013, 2014ஆம் ஆண்டு அரசாணைகள் மூலம் காவல் துணை ஆணையர்களுக்கே கொடுத்துவைத்திருந்தார்கள். பிணையை மீறினான் என்று சொல்பவரும் போலீஸ், மீதிக் காலத்துக்குச் சிறை என்று சொல்பவரும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அரசாணைகள் செல்லாது என்றது. இத்தகைய பிணையை மீறியதற்குச் சிறை என்றால் அதை நீதித்துறை நடுவர்தான் முடிவு செய்ய வேண்டும், நிர்வாகத்துறை நடுவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. இந்தப் பிணைகளுக்கு ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வருகிறவர்கள் யார் என்று ஏதாவது ஒரு தாலுகா அலுவலக வராந்தாவில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். அம்மாக்களும் மனைவிகளும்தான். அவன் மீறினால் ஜாமீன் தொகை கட்ட வேண்டியவளும் அவள்தான்.

திருச்சியிலேயே இன்னொன்று நடந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மீதமிருந்த ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்தது. மறுநாள் நளினி சிறையிலிருந்து வெளியே வந்தார். 1991இல் கைதானவர். அவருடைய கணவர் முருகன் உட்பட இலங்கையைச் சேர்ந்த நால்வரைச் சிறையிலிருந்து நேராகத் திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் உள்ள சிறப்பு முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டினர் சட்டத்தின்படி அரசு போட்ட உத்தரவு அது. எந்த நீதிமன்றமும் விதித்த தண்டனை அல்ல. விடுதலையான மனைவி, விடுதலையான கணவரைப் பார்க்க முகாம் வாசலுக்கு வர வேண்டியிருந்தது. நால்வரில் சாந்தன் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் ஏப்ரல் 3 அன்று இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இந்த ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: நீதிமன்றம் முடித்துவைத்ததற்கு மேல் இன்னொரு காவலை, முடியும் நாள் எழுதாமல் வைக்கலாமா?

இதுவரை படித்தவர்களில் சிலருக்கு ஒரு மறுப்பு எழும். எனக்கும் எழுந்தது. பில்கிஸ் பானு வழக்கில் தண்டனை பெற்ற பதினோரு பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விடுவித்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. இரண்டு வாரத்தில் சிறைக்குத் திரும்பச் சொன்னது. ஒன்றரை வருடமாக வெளியில் இருக்கிறோம், இந்தச் சுதந்திரத்தைப் பறிக்கக்கூடாது என்று அவர்கள் தரப்பில் வாதாடியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அன்றைக்கு நான் மகிழ்ந்தேன். இன்றும் அந்த மகிழ்ச்சியைத் திரும்பப் பெறவில்லை. அப்படியானால் ரத்து என்பது எனக்குப் பிடிக்காத ஆட்களுக்கு நல்லது, பிடித்த ஆட்களுக்குக் கெட்டதா?

இல்லை. அந்தத் தீர்ப்பின் மையத்தில் இருந்ததும் அதிகாரம் யாருடையது என்ற கேள்விதான். தண்டனை விதித்தது மும்பை நீதிமன்றம். ஆகவே விடுவிக்கத் தகுந்த அரசு மகாராஷ்டிரம், குஜராத் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். இல்லாத அதிகாரத்தில் கொடுத்த விடுதலை நிற்காது. அதே அளவுகோல்தான் மறுபக்கமும். இல்லாத அதிகாரத்தில் வைத்த காவலும் நிற்கக்கூடாது. பெண்ணியம் என்ற பெயரில் நாம் சிறையை மட்டும் கேட்கவும் முடியாது, விடுதலையை மட்டும் கேட்கவும் முடியாது. யார் முடிவு செய்கிறார்கள், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள், அது எந்தத் தேதியில் முடியும் என்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் கேட்கலாம்.

திருவெள்ளறைக் கோயிலுக்கு வெளியே மார்ப்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் கட்டியது. ஏறத்தாழ 1200 ஆண்டுப் பழமை. ஸ்வஸ்திகா வடிவத்தில் நான்கு துறைகள் வளைந்து இறங்கும். ஒரு துறையில் குளிப்பவரை இன்னொரு துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. ஊரே சேர்ந்து நீர் எடுக்கும் இடத்தில், யாரும் பார்க்காத ஒரு மூலை எல்லாருக்கும் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவர்கள் வீடுகள் தராத ஒன்று அது. கண்காணிப்பு என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு தண்டனைக்கு மாற்று. பெரும்பாலான பெண்களுக்கு அது பிறந்த நாளிலிருந்து இருக்கும் ஏற்பாடு. அதனால்தான் நீதிமன்றம் ஒரு பெண்ணைக் கண்காணிப்பில் வைக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் கண்காணிப்பின் மேல் இன்னொன்றை வைக்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டும். நிலையான இருப்பிடம் என்று எழுதும்போது அது யாருடைய வீடு என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிணைதாரரும் அடிப்பவரும் ஒரே ஆளா என்று கேட்க ஒரு படிவத்தில் ஒரே ஒரு வரி போதும்.

அவளுடைய பிணைமுறி போன வருடம் முடிந்தது. முடிந்ததை யாரும் கடிதம் எழுதிச் சொல்வதில்லை. தேதியை நான் நாள்காட்டியில் குறித்துவைத்திருந்ததால் அன்று போன் செய்தேன். "இனிமே எங்க வேணாலும் போலாமா?" என்று கேட்டாள். போகலாம் என்றேன். "எங்கக்கா வீட்டுலயேதான் இருக்கப்போறேன், சும்மா கேட்டேன்" என்றாள்.